கேபிள் நுழையும் வாசலைக் கவனிப்போம்!



கடைக்கு வரும் சரக்கு எதையும் பார்க்காமல் உள்ளே விடுகிற வழக்கம் நமக்கு இல்லை. மூட்டை இறங்கினால் எடை போடுகிறோம். மிளகாயைக் கிள்ளிப் பார்க்கிறோம். புளியில் கொட்டை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கிறோம். பில்லில் உள்ள எண்ணிக்கையும் இறங்கிய எண்ணிக்கையும் ஒத்திருந்தால்தான் கையெழுத்துப் போடுகிறோம். ஆனால், இரவும் பகலும் ஓயாமல் கடைக்குள் வந்துகொண்டிருக்கும் மின்சாரம் எந்த வழியாக, எந்த நிலையில் நுழைகிறது என்று நம்மில் எத்தனை பேர் ஒரு முறையாவது நிமிர்ந்து பார்த்திருக்கிறோம்?

முன்பெல்லாம் ஒரு மளிகைக் கடைக்கு நான்கு குழல் விளக்கு, இரண்டு மின்விசிறி இருந்தால் போதும். இன்று அப்படியல்ல. குளிர்பானப் பெட்டி, ஐஸ்கிரீம் பெட்டி, பில் போடும் கம்ப்யூட்டர், கண்காணிப்புக் கேமரா, இன்வெர்ட்டர் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துவிட்டன. மண்டிகளிலும் மாவு மில்களிலும் மூன்று பேஸ் மோட்டார் ஓடுகிறது. லோடு கூடக் கூட, பழைய மெல்லிய வயரை எடுத்துவிட்டு, நாம் 'யூ.ஜி. கேபிள்' என்று சொல்லும் கவசக் கேபிளைப் போடுகிறோம். இது நல்ல மாற்றம்தான். ஆனால் நல்ல கேபிளை வாங்கிப் போட்டுவிட்டு, அது பெட்டிக்குள் நுழையும் இடத்தை அரைகுறையாக விட்டுவிடுகிறோம். அந்த ஒரு சாண் இடத்தைப் பற்றியதுதான் இக்கட்டுரை.

கவசம் எதற்கு?

கவசக் கேபிளை வெட்டிப் பார்த்தால் உள்ளே அலுமினியம் அல்லது செம்புக் கம்பிகள், அவற்றின் மேல் பி.வி.சி. உறை, அதற்கும் மேல் துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பிகளோ பட்டைகளோ வரிசையாகச் சுற்றியிருக்கும். அதற்கு மேல் மீண்டும் ஓர் உறை. இந்த இரும்புச் சுற்றுதான் கவசம். மண்வெட்டி பட்டாலும், எலி கடித்தாலும், மூட்டை உரசினாலும் உள்ளே இருக்கும் கம்பியை அது காக்கிறது.

கவசத்துக்கு இன்னொரு கடமையும் உண்டு. எப்படியோ ஓர் ஆணி இறங்கி உள்கம்பியைத் தொட்டுவிட்டால், அந்த மின்சாரம் முதலில் ஏறுவது கவசத்தின் மேல்தான். கவசம் எர்த்துடன் சேர்ந்திருந்தால் மின்சாரத்துக்குத் தரை வழி கிடைக்கும். காக்கும் கருவி அதை உணர்ந்து துண்டிக்கும். சேர்ந்திருக்கவில்லை என்றால், கேபிளின் முழு நீளத்துக்கும் அந்த இரும்பு, மின்சாரம் ஏறிய இரும்பாகவே நிற்கும். ஷட்டரை உரசிக்கொண்டு போகிற கேபிளாக இருந்தால் ஷட்டரிலும் ஏறும். காலையில் கடை திறக்க வருகிற பையன் முதலில் கை வைப்பது அந்த ஷட்டரின் மேல்தான்.

கவசத்தைப் பெட்டியோடும் எர்த்தோடும் இணைக்கிற பொருளுக்குப் பெயர் கிளாண்டு. பித்தளையில் செய்தது. கேபிளின் மேலுறையைச் சீவி, கவசக் கம்பிகளைக் குடை போல் விரித்து, கிளாண்டின் கூம்பின் மேல் படியவைத்து நட்டை முறுக்கினால், கவசம் நகராமல் பிடிபடும். கிளாண்டின் மறு முனை பெட்டியின் அடித்தகட்டுத் துளைக்குள் போகும். உள்ளே பூட்டு நட்டு அதை இறுக்கும். இடையில் ஒரு பித்தளை வளையம், அதாவது எர்த் டேக் மாட்டி, அதிலிருந்து ஒரு பச்சைக் கம்பியை எர்த் கட்டைக்குக் கொண்டு போக வேண்டும். மேலே ஒரு ரப்பர் தொப்பி. வேலை இவ்வளவுதான். கேபிள் வந்து நிற்கும் ஒவ்வொரு பெட்டியிலும் இது நடக்க வேண்டும். கடை அளவுக்கான ஒரு ஜோடி கிளாண்டும் டேக்கும் ஒரு சிப்பம் அரிசியின் விலையைத் தாண்டாது.

நடப்பது என்ன?

கடைவீதியில் கண்ணைத் திறந்துகொண்டு நடந்தால் நாம் காண்பது வேறு. மரப்பலகையில் மீட்டர். பக்கத்தில் தகரப் பெட்டி. அதன் அடியில் உளி கொண்டு பெயர்த்த துளை. அதன் வழியே கேபிள் அப்படியே நுழைகிறது. கவசப் பட்டைகள் வெட்டப்பட்டு, வெள்ளி நிறத்தில் விரிந்து தொங்குகின்றன. அல்லது அவற்றை முறுக்கி ஓர் ஆணியில் சுற்றியிருக்கிறார்கள். அல்லது கறுப்பு டேப் சுற்றி மறைத்திருக்கிறார்கள். கேபிளின் பாரம் முழுவதும் உள்ளே இருக்கும் ஸ்க்ரூக்களின் மேல் தொங்குகிறது.

இதில் மூன்று கேடுகள் ஒன்றாக இருக்கின்றன. கவசம் எர்த் இல்லாமல் நிற்பது முதல் கேடு. கேபிளின் பாரம் இழுத்து இழுத்து உள்ளே இணைப்பு தளர்வது இரண்டாவது. தளர்ந்த இணைப்பு சூடேறும். சூடேறினால் மேலும் தளரும். முடிவில் பொறி பறக்கும். சுற்றிலும் கோணிப் பை, அட்டைப் பெட்டி, எண்ணெய் டின், தீப்பெட்டி பண்டல். நம் கடைகளில் எரியாத சரக்கு உப்பு ஒன்றுதான்! மூன்றாவது, மூடாத துளை. அதன் வழியே பல்லியும் எலிக்குஞ்சும் உள்ளே போகின்றன. மிளகாய்த் தூளும் மாவுத் தூசும் படிகின்றன. மழைக் காலத்தில் கேபிள் வழியே நீர் வழிந்து நேராகப் பெட்டிக்குள் இறங்குகிறது.

2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது நம் விழுப்புரம் மாவட்டம் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க முடியாது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில், கிளாண்டு இல்லாத ஒரு துளை என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

கோட்டை நிழலில் வாழும் நமக்கு ஒன்று தெரியும். மதில் எவ்வளவு உயரமாக இருந்தாலும், காவல் வேண்டியது வாசலுக்குத்தான். கேபிளுக்கும் அப்படியே. நடுவில் அதற்கு ஆபத்து குறைவு. பெட்டிக்குள் நுழையும் இடத்தில்தான் அதிகம்.

"எர்த் குழிதான் இருக்கிறதே!"

இப்படிச் சொல்லும் நண்பர்கள் பலர். உப்பும் கரியும் கொட்டிக் குழி தோண்டியிருக்கிறோம், இதற்கு மேல் என்ன என்பது அவர்கள் கேள்வி. குழி வேண்டியதுதான். ஆனால் கவசம் அந்தக் குழியோடு சேர்க்கப்படவில்லை என்றால் குழி இருந்தும் கவசத்துக்குப் பயன் இல்லை. இது முதல் விஷயம்.

இரண்டாவது விஷயம் நம் ஊர் மண்ணைப் பற்றியது. செஞ்சி பாறை பூமி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகளுக்கு இடையில் இருக்கிறோம். பாறையும் வறண்ட சரளையும் மின்சாரத்தை எளிதில் ஏற்றுக்கொள்ளாது. அதிலும் கத்திரி வெயிலில் தண்ணீர் ஊற்றாத குழியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒரு குழியின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட் மின்சாரம் அந்த வழியே தரையில் இறங்கினால் 11.5 ஆம்பியருக்கு மேல் ஓட முடியாது. மெயினில் இருக்கும் 32 ஆம்பியர் எம்.சி.பி. அதைச் சாதாரண லோடு என்று எண்ணிச் சும்மா இருந்துவிடும். பெட்டியின் உடம்பில் மின்சாரம் தங்கிவிடும். குழியை மட்டும் நம்பியவர் அங்கேதான் ஏமாறுகிறார்.

ஆகவே மூன்றும் சேர்ந்து வேண்டும். கவசத்தைப் பிடிக்கும் கிளாண்டு ஒன்று. அதை எர்த்துடன் சேர்க்கும் பச்சைக் கம்பி இரண்டு. மின்கசிவைக் கண்டவுடன் துண்டிக்கும் ஆர்.சி.டி. என்ற கருவி மூன்று. மனிதர் உயிரைக் காப்பதற்கான ஆர்.சி.டி., 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை நிறுத்திவிடும். புதிய இணைப்பு வாங்குவோர் இதைப் பொருத்த வேண்டும் என்று தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் விதியில் சேர்த்துள்ளது. பழைய இணைப்பு வைத்திருக்கும் நம்மில் பலரிடம் இது இல்லை.

ஆர்.சி.டி. எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். கடைக்குள் இருக்கும் பெட்டியில் மட்டும் அதைப் பொருத்தினால், மீட்டரிலிருந்து அந்தப் பெட்டி வரை வரும் கேபிளில் ஏற்படும் கசிவை அது அறியாது. வணிக வளாகங்களில் மாடிப்படி அடியில் மீட்டர்களும், அங்கிருந்து ஒவ்வொரு கடைக்கும் நீளமான கேபிளும் போவதால், மீட்டர் பக்கத்திலும் இக்கருவி வேண்டும். எதை எந்த அளவில் போடுவது என்பதை உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரிடம் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும்.

கவசம் மட்டுமே எர்த் கம்பிக்குப் பதிலாகிவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரும்பு, செம்பைப் போல் மின்சாரத்தைக் கடத்தாது. ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான் கடத்தும். துருப்பிடித்தால் அதுவும் குறையும். ஆகவே தனி எர்த் கம்பியும் உடன் போவதே நல்லது. மூன்று பேஸ் மோட்டாரின் உடம்புக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்பு வேண்டும் என்பது 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளிலேயே இருந்தது. பிறகு 2010-லும் 2023-லும் மத்திய மின்சார ஆணையம் புதிய பாதுகாப்பு விதிமுறைகளை வெளியிட்டது. எர்த் போடும் முறைக்கென்றே ஐ.எஸ். 3043 என்ற இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது; 1987-இல் வெளியான அது 2018-இல் திருத்தப்பட்டது. நம்மிடம் விதிக்குக் குறைவில்லை. விதியைக் கேட்டு வாங்குகிற வாடிக்கையாளர்தான் குறைவு.

கேபிள் முனையின் அலட்சியம்

கேபிளின் முனையை அலட்சியமாக விட்டால் எது வரை போகும் என்பதற்கு நாடறிந்த சாட்சி ஒன்று உண்டு. 1997 ஜூன் 13 அன்று டெல்லி கிரீன் பார்க் பகுதியில் உள்ள உபஹார் திரையரங்கில் தீ விபத்து நடந்தது. அன்று காலையிலேயே அந்தக் கட்டடத்தில் இருந்த டிரான்ஸ்பார்மரில் ஒரு சிறு தீ ஏற்பட்டது. மின்வாரிய ஊழியர்கள் வந்து கேபிள் முனைகளைச் சரிசெய்தார்கள். ஆனால் அதற்கென்று உள்ள கிரிம்பிங் இயந்திரத்தைப் பயன்படுத்தாமல் சுத்தியலால் அடித்துப் பொருத்திவிட்டுப் போனார்கள். மாலையில் தளர்ந்த கேபிள் கழன்று டிரான்ஸ்பார்மரின் ரேடியேட்டர் தகட்டில் விழுந்தது. தகட்டில் துளை விழுந்து எண்ணெய் கசிந்து தீப்பற்றியது. தரைத் தளத்தில் நின்ற கார்கள் எரிந்தன. புகை மேலே ஏறிப் பால்கனியை அடைந்தது. படம் பார்க்க வந்தவர்களில் 59 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள்.

அங்கே தவறியது கிளாண்டு அல்ல. கேபிள் முனையின் பிடிப்பு. வழக்கு பல ஆண்டுகள் உச்ச நீதிமன்றம் வரை நடந்தது. வெளிவாசல்கள், இருக்கை அமைப்பு என்று வேறு பல குறைகளும் வெளியே வந்தன. ஆனால் தொடக்கம், சரியான கருவி கொண்டு இறுக்காத ஒரு முனை. காலையில் பார்த்த பழுது வேலை மாலை வரைகூடத் தாங்கவில்லை. 'லைட் எரிகிறதே, போதும்' என்று வேலையை முடித்துக்கொள்ளும் மனப்பான்மை நம் கடைகளிலும் இருக்கிறது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

யார் பொறுப்பு?

வயர்மேனைக் குறை சொல்வது எளிது. ஆனால் அவரிடம் நாம் எப்படிப் பேசுகிறோம்? மூன்று பேரிடம் விலை கேட்டு, குறைந்த விலை சொன்னவரிடமும் இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொல்கிறோம். கேபிளின் விலையை அவர் குறைக்க முடியாது, எம்.சி.பி.யின் விலையையும் குறைக்க முடியாது. கண்ணுக்குத் தெரியாத கிளாண்டும் டேக்கும் பச்சைக் கம்பியும்தான் முதலில் கழிகின்றன. எடையில் குறைத்தால் வாடிக்கையாளர் நம்மை விடுவாரா? நாம் மட்டும் நம் உயிரின் எடையில் குறைக்கச் சொல்லிக் காசு மிச்சம் பிடிக்கிறோம்.

"கடை வாடகைக் கடை, கட்டட முதலாளி பார்த்துக்கொள்ளட்டும்" என்பது இன்னொரு பதில். முதலாளியிடம் கேட்க வேண்டியதுதான். ஆனால் கடைக்குள் நிற்பவர்கள் நாமும் நம் ஊழியர்களும் வாடிக்கையாளர்களும். தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அந்தக் காகிதத்தில், கேபிள், கிளாண்டு, எர்த் ஆகியவற்றை யார் சரிசெய்து தர வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ள யார் தடுக்கிறார்கள்?

"இத்தனை வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே" என்பது மூன்றாவது பதில். கவசத்தில் மின்சாரம் ஏறும் வரை கிளாண்டு இருக்கும் கடையும் இல்லாத கடையும் ஒன்று போலத்தான் இருக்கும். வித்தியாசம் தெரியும் நாளில் திருத்திக்கொள்ள அவகாசம் இருக்காது.

என்ன செய்யலாம்?

ஒவ்வொரு உறுப்பினரும் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. மீட்டர் பலகையையும் உள்பெட்டியையும் தூரத்தில் நின்று கண்ணால் பாருங்கள். கையால் தொட்டோ, கேபிளை அசைத்தோ பார்க்க வேண்டாம். கேபிள் நுழையும் இடத்தில் பித்தளைக் கிளாண்டு தெரிகிறதா? இரும்புப் பட்டைகள் வெளியே தொங்குகின்றனவா? பச்சைக் கம்பி இருக்கிறதா? துளையில் இடைவெளி இருக்கிறதா? கேபிளைச் சுவரோடு பிடிக்கும் கிளிப்புகள் உள்ளனவா? நடுவில் எங்காவது டேப் சுற்றிய ஒட்டு இருக்கிறதா? ஒட்டுப் போட்ட இடத்தில் கவசம் அறுந்துவிட்டால், இரு முனையிலும் கிளாண்டு இருந்தும் தொடர்ச்சி இராது. இவற்றில் எது குறைந்தாலும் தகுதிச் சான்று பெற்ற வயர்மேனை வரவழையுங்கள்.

வருபவரிடம் எழுதி வாங்குங்கள். எத்தனை கிளாண்டு, எந்த அளவு, எர்த் டேக் உண்டா, பச்சைக் கம்பி எத்தனை அடி என்று விலைப்பட்டியலில் தனித்தனியாக இருக்கட்டும். வெளியே மழை படும் இடத்திலும், தூசு மிகுந்த மாவு மில்லிலும் இரட்டைப் பிடிப்புக் கிளாண்டு கேளுங்கள். உலர்ந்த உள்ளிடத்துக்கு ஒற்றைப் பிடிப்பு போதும். கேபிளின் தடிமனுக்கு ஏற்ற அளவு வேண்டும். பெரிய கிளாண்டுக்குள் சிறிய கேபிளை விட்டு டேப் சுற்றி ஒப்பேற்ற விடாதீர்கள். பெயின்ட் அடித்த தகட்டில் கிளாண்டை மாட்டினால் பெயின்ட் தடுக்கும். பிளாஸ்டிக் பெட்டியிலும் மரப்பலகையிலும் பூட்டு நட்டால் எர்த் கிடைக்கவே கிடைக்காது. அதனால்தான் டேக்கும் பச்சைக் கம்பியும் எங்கேயும் வேண்டும். முடிந்த பிறகு, மெயினை நிறுத்திவிட்டு, கிளாண்டுக்கும் எர்த் கட்டைக்கும் தொடர்ச்சி இருக்கிறதா என்று மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். எர்த் குழியின் ஓம் அளவையும் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஆர்.சி.டி.யில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைத்துக்கொள்கிறோம். தேதி தவறினால் அபராதம் என்பதால் ஞாபகமாகச் செய்கிறோம். கேபிளுக்கு முத்திரை வைக்க யாரும் வருவதில்லை. அந்த வேலையைச் சங்கமே எடுத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஒரு முறை, ஐப்பசி மழைக்கு முன்பு, உரிமம் பெற்ற ஒரு மின் ஒப்பந்தக்காரரை அமர்த்தித் தெருத் தெருவாக உறுப்பினர் கடைகளைப் பார்க்கச் செய்யலாம். கிளாண்டுகளை மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பதை மொத்த வியாபாரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பார்த்த கடைக்கு ஒரு சீட்டு, குறை இருந்தால் ஒரு மாதத் தவணை. இதற்கு ஆகும் செலவு, ஒரு கடை எரிந்தால் நாம் திரட்டிக் கொடுக்கும் உதவித் தொகையைவிட நிச்சயம் குறைவு.

2025 ஜூலையில் யுனெஸ்கோ நம் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது நம் செஞ்சி ஒன்றுதான். வெளியூர்க் கூட்டம் கூடினால் டீக்கடையும் விடுதியும் குளிர்பானப் பெட்டியும் கூடும். மின் லோடும் கூடும். வருகிற வியாபாரத்தை வரவேற்போம். அதற்கு முன், ஒவ்வொரு கடையிலும் கேபிள் நுழையும் வாசலில் ஒரு கிளாண்டு, ஒரு டேக், ஒரு பச்சைக் கம்பி இருக்கிறதா என்று பார்த்துவிடுவோம். அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டு வர வேண்டும் என்று நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.